கசடு எடுக்கும் வேலை ஸ்கிராப் குவியலிலேயே தொடங்கிவிடுகிறது

கோவைப் பக்கம் ஃபவுண்டரியில் புதிதாக ஃபர்னஸ் மேடை ஏறும் பையன் கையில் முதலில் கொடுப்பது ஸ்லாக் ராடுதான். உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடை அந்தக் கம்பியால் சுருட்டி வெளியே இழுத்துப் போட வேண்டும். வெக்கை பழகினால் கையும் பழகிவிடும். கூடவே ஒரு நம்பிக்கையும் வந்துவிடுகிறது. மேலே இருந்ததை வழித்தாயிற்று, இனி உள்ளே இருப்பதெல்லாம் சுத்தமான மெட்டல் என்று நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். ரிஜெக்ஷன் வரும்போது "ஸ்லாக்கை ஒழுங்கா எடுக்கலியா?" என்று மேனேஜர் கத்துவதும் இதே நம்பிக்கையில்தான்.

நான் கோக் என்னும் சுட்ட நிலக்கரியை எரித்து உருக்கும் கியூபோலா உலையில் ஆரம்பித்து, அப்புறம் மின்சாரத்தின் காந்தப்புலத்தால் உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸுக்கு மாறியவன். பம்ப் பாடியும் மோட்டார் பாடியும் ஊற்றியே என் காலம் போயிருக்கிறது. அதில் தெரிந்துகொண்டது, வார்ப்பிரும்பின் அழுக்கு எல்லாம் ஒரே ரகம் இல்லை. மணல், துரு, கோக் சாம்பல், உலைச் சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது இவையெல்லாம் இரும்பை விட லேசானவை, மிதக்கும், எடுத்துவிடலாம். பாஸ்பரஸ், ஈயம், அலுமினியம், டைட்டானியம் போன்றவை இரும்புக்குள்ளேயே கரைந்துவிடும். பாலில் விழுந்த தூசியை எடுக்கலாம், கலந்த தண்ணீரை எந்தக் கரண்டியால் எடுப்பது? இவற்றுக்கு ஃபர்னஸில் மருந்து கிடையாது. உள்ளே விடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

அதனால் நான் மெல்டரை விட ஸ்கிராப் பிரிப்பவரைத்தான் ஒரு படி அதிகம் மதிப்பேன். எங்கள் யார்டில் ஒரு அக்கா இருந்தார். கயிற்றில் கட்டிய ஒரு காந்தமும் சின்னச் சுத்தியலும்தான் அவருடைய லேப். பழைய என்ஜின் பிளாக் லோடு வந்தால் ஒவ்வொன்றாகப் புரட்டி, சிலிண்டர் ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். "பிஸ்டன் உள்ளயே நிக்குதுங், இதையும் சேத்தா எடை போட்டீங்க?" என்று லோடு கொண்டுவந்தவரிடம் சண்டைக்குப் போவார். துருவேறி இறுகிய பிளாக்கில் பிஸ்டனைக் கழற்றாமல் அப்படியே விற்றுவிடுவார்கள். பிஸ்டன் அலுமினியம். 500 கிலோ ஃபர்னஸில் அரைக் கிலோ பிஸ்டன் ஒன்று விழுந்தால் கணக்குப்படி 0.1 சதவீதம். பாதி எரிந்து கசடாகப் போனாலும் மீதி போதும், அன்றைய வார்ப்பு முழுவதையும் கெடுக்க. அலுமினியம் கலந்த மெட்டல் கிரீன் சாண்டில், அதாவது ஈரமான அச்சு மணலில், இருக்கும் ஈரத்தைப் பிரித்து ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். வார்ப்பு வெளியே பார்க்க நன்றாக இருக்கும். மெஷினில் ஒரு மில்லிமீட்டர் கடைந்ததும் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும்.

ஈயம் இன்னும் மோசம். 0.005 சதவீதம் அளவுக்கு இருந்தாலே கிராஃபைட்டின் (இரும்புக்குள் தனியாகப் பிரிந்து நிற்கும் கார்பனின்) வடிவம் கெட்டு, தடிமனான வார்ப்புகள் பலம் இழந்துவிடும். தட்டினால் உடைகிற பாடியைப் பார்த்துக் கார்பன் அதிகம், சிலிக்கான் அதிகம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பேட்டரி டெர்மினல், சக்கரத்தில் ஒட்டும் பேலன்ஸ் வெயிட், ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய ரேடியேட்டர், பெயின்ட் அடித்த தகடு, இப்படி எதில் வேண்டுமானாலும் அது ஒளிந்து வரும். ஜிஐ தகட்டில் பூச்சாக இருக்கும் துத்தநாகம் கரைந்து தங்காது, 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். போகட்டும் என்று விட முடியாது. ஆவி லைனிங்குக்குள், அதாவது உலையின் உட்சுவருக்குள், புகுந்து அதைச் சுற்றியிருக்கும் மின்சுருளான காயில் பக்கம் போய் உறையும். புகையைச் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். இருபுறமும் அடைத்த பைப், ஷாக் அப்சார்பர் இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே ஈரம் இருந்தால் அது வெடிகுண்டேதான். அவற்றை வெட்டித் திறக்காமல் மேடைக்கு ஏற்றக் கூடாது.

பாஸ்பரஸ் விஷயத்தில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஸ்டீல் ஆலையில் எடுக்கிறார்களே, நாம் ஏன் எடுக்கக் கூடாது என்பார்கள். அங்கே சுண்ணாம்பும் இரும்பு ஆக்சைடும் நிறைந்த காரக் கசடு வைத்து, ஆக்ஸிஜன் ஊதி எடுக்கிறார்கள். அதே வேலையை வார்ப்பிரும்பில் செய்தால் முதலில் எரிந்து போவது நமக்கு வேண்டிய சிலிக்கான்தான், பின்னாலேயே கார்பனும் போகும். நம் ஃபர்னஸின் சிலிக்கா லைனிங்கும் அந்தக் கசடைத் தாங்காது. எனவே வந்த பாஸ்பரஸ் வந்ததுதான். அது கடைசியாக உறையும் இரும்பில் ஒதுங்கி, தண்ணீர் அழுத்தச் சோதனையில் பம்ப் பாடியைக் கசிய வைக்கும். 0.1 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. ரயில் பிரேக் கட்டை வார்க்கும்போது பாஸ்பரஸை வேண்டுமென்றே கூட்டுவதுண்டு. மெல்லிய பூவேலைப்பாடு உள்ள பழைய கிராதிகளிலும், மெட்டல் நன்றாக ஓட வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள். விலை மலிவு என்று அதை வாங்கிப் பம்புக்குப் போட்டால், மிச்சம் பிடித்த காசு டெஸ்டிங் பெஞ்சில் தண்ணீராக ஒழுகும்.

சரி, மிதக்கிற கசடுக்கு வருவோம். கியூபோலாவில் கசடு எடுப்பதைச் சுண்ணாம்புக்கல் செய்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், அதனால் கோக்கிலும் அதிகம். அந்தச் சாம்பலும் ஸ்கிராப்பில் ஒட்டிய மணலும் சேர்ந்தால் குழகுழவென்று கோக்கின் மேல் பூசிக்கொண்டு எரியவும் விடாது. சுண்ணாம்புக்கல் சூட்டில் கரியமில வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகி, அந்தக் கூழை இளக்கி ஓட வைக்கும். கோக் எடையில் நாலில் ஒரு பங்கு, சாம்பல் அதிகமான கோக் என்றால் மூன்றில் ஒரு பங்கு வரை கல் போடுவோம்.

கசடு சரியா இல்லையா என்று பார்க்க அந்தக் காலத்தில் எங்களுக்கு எந்த மீட்டரும் இல்லை. ஸ்லாக் ஹோலில் வழியும் கசடில் கம்பியைத் தொட்டு இழுப்போம். நீண்ட நூலாக இழுபட்டால் மணல் சத்து அதிகம், கல்லைக் கொஞ்சம் கூட்டலாம். சட்டென்று அறுந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, லைனிங்கைத் தின்ன ஆரம்பிக்கும். ஆறிய துண்டை உடைத்துப் பார்த்தால் பாட்டில் கண்ணாடிப் பச்சை தெரிய வேண்டும். கருகருவென்று கனமாக இருந்தால் இரும்பு ஆக்சைடு கசடில் போகிறது என்று அர்த்தம். காற்று அதிகமாகிவிட்டது, அல்லது கோக் படுக்கை இறங்கிவிட்டது. எங்கள் பழைய கியூபோலா மேஸ்திரி அந்தத் துண்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெட் எறங்கிருச்சு தம்பி, ரெண்டு கூடை கோக் தனியாப் போடு" என்பார். அடுத்த டேப்பில், அதாவது அடுத்து உலையிலிருந்து மெட்டலை இறக்கும்போது, அது சூடாக வரும்.

இண்டக்ஷன் ஃபர்னஸ் வந்ததும் இந்தக் கலையெல்லாம் தேவையில்லை என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது உருக்குகிற பாத்திரம், சுத்திகரிக்கிற உலை இல்லை. போட்ட அழுக்கு போட்டபடியே இருக்கும். காந்தப்புலம் மெட்டலைக் கலக்கி நடுவில் மேடு தட்ட வைப்பதால் கசடு ஓரமாகச் சரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் உள்ளேயும் சுழலும். முழு பவர் ஓடும்போது ராடு போடுவது வீண். பவரைக் குறைத்து, மேடு படிந்து, ஒரு நிமிடம் பொறுத்தால் கசடு தானாக மேலே வந்து சேரும். அதன் மேல் பெர்லைட் ஸ்லாக் பவுடரைத் தூவினால் பொரிந்து ஒட்டும் பதத்துக்கு வந்து, ஒரே தகடாகச் சுருண்டு ராடில் ஏறும். ஒரு முறை எடுத்தபின் மறுபடி கொஞ்சம் தூவி, இரண்டாம் முறையும் எடுக்க வேண்டும். முதல் முறை எடுப்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான்.

கசடு இளகவில்லை என்று சுண்ணாம்புக்கல்லையோ போராக்ஸையோ சிலிக்கா லைனிங் உள்ள ஃபர்னஸில் போடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கசடு இளகும்தான், கூடவே சுவரும் இளகும். அடுத்த லைனிங்கை எதிர்பார்த்ததை விட முன்னாடியே போட வேண்டி வரும். ராடை உலை விளிம்பில் காட்டிச் சூடேற்றிக் காயவைத்த பிறகே மெட்டலில் விட வேண்டும். மழைக்காலத்தில் வெளியே சாத்தி வைத்த ராடு செய்கிற வேலையைப் பார்த்தவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

சூடு எவ்வளவு என்பது கசடு எவ்வளவு என்பதையும் முடிவு செய்கிறது. இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பு கண்ணால் பார்த்தேன். சாம்பல் இரும்பை (கிரே அயர்ன் என்கிற சாதாரண வார்ப்பிரும்பை) 1,400 டிகிரிக்குக் கீழே வைத்திருந்தால் எத்தனை முறை வழித்தாலும் மேலே ஆடை படர்ந்துகொண்டே இருக்கும். 1,450-ஐத் தாண்டினால் அந்த ஆடை தானாக விலகி முகம் பளிச்சென்று ஆகும். காரணம், சூடு குறைந்தால் மெட்டலில் உள்ள சிலிக்கான் ஆக்ஸிஜனோடு சேர்ந்து புதுக் கசடாகிறது. சூடு ஏறினால் கார்பன் முந்திக்கொண்டு அந்த ஆக்ஸிஜனை எடுத்து வாயுவாக வெளியேறிவிடும். இந்த இரண்டும் இடம் மாறுகிற எல்லை பெரும்பாலும் 1,400-க்கும் 1,450-க்கும் நடுவில் எங்கோ, கலவையைப் பொறுத்து. ஆகவே 1,500 வரை ஏற்றி, சில நிமிடம் நிறுத்தி, கசடை எடுத்துவிட்டு உடனே டேப் செய்வதுதான் நல்லது. இன்னும் ஏற்றினால் இன்னும் சுத்தம் என்று 1,550-க்குப் போய் அரை மணி நேரம் வைத்தால் கார்பன் குறையும், லைனிங் கரையும், மெல்லிய இடங்களில் வெள்ளை விழுந்து, அதாவது கிராஃபைட் பிரியாமல் கடினமாக உறைந்து, டூல் உடையும்.

அடுத்தது கந்தகம். இதில்தான் நிறைய பேர் வழி தவறுகிறார்கள். கந்தகம் என்றாலே அழுக்கு, முழுக்க எடுத்துவிட வேண்டும் என்பார்கள். சாம்பல் இரும்புக்கு அது கொஞ்சம் வேண்டும். ஸ்டீல் ஸ்கிராப்பை அதிகம் போட்டு இண்டக்ஷனில் உருக்கிக் கந்தகம் 0.03 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், கிராஃபைட் நன்றாகப் பிரிய நாம் கடைசியில் சேர்க்கும் இனாக்குலன்ட் சரியாக எடுபடாது, ஓரமெல்லாம் வெள்ளையாக உறையும். 0.05 முதல் 0.1 வரை இருந்தால் பயமில்லை. அதற்கு ஏற்ற மாங்கனீஸ் இருக்க வேண்டும். கந்தகத்தை 1.7 ஆல் பெருக்கி 0.3 கூட்டு என்பது தொழிலில் பழகிய கணக்கு. 0.08 கந்தகம் என்றால் சுமார் 0.44 மாங்கனீஸ்.

மாங்கனீஸ் கூடினால் என்ன என்பதற்கு ஒரு சம்பவம். கியூபோலா காலத்தில் ஒரு பம்ப் கம்பெனிக்கு வால்யூட் கேசிங் (நத்தை ஓடு வடிவப் பம்ப் பாடி) ஊற்றிக்கொண்டிருந்தோம். திடீரென்று மெஷினிங்கில் மேல்முகத்தில் ஓட்டை வர ஆரம்பித்தது. எல்லோரும் மணலைத்தான் சொன்னார்கள். ஈரத்தைக் குறைத்தோம், கரித்தூளை மாற்றினோம், வென்ட் குத்தினோம், ஓட்டை குறையவில்லை. கடைசியில் ஊற்றும் வரிசைப்படி மோல்டுகளில் (மணல் அச்சுகளில்) சாக்பீஸால் எண் போட்டு, வார்ப்பு ஆறியதும் அதே எண்ணைப் பெயின்டில் எழுதி மெஷின் ஷாப்புக்கு அனுப்பினோம். திரும்பி வந்த ரிஜெக்ஷனைப் பார்த்தால் விஷயம் பட்டவர்த்தனம். உலையிலிருந்து மெட்டலைப் பிடித்து ஊற்றும் வாளியான லேடில் ஒவ்வொன்றிலும் முதலில் ஊற்றியவை எல்லாம் நன்றாக இருந்தன, கடைசியில் ஊற்றியவைதான் ஓட்டை. மணல் குற்றவாளி என்றால் இப்படி வரிசை பார்த்து வராது.

ஓட்டையைக் குறுக்கே உடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். ஹைட்ரஜன் ஓட்டை என்றால் உள்சுவர் வழவழப்பாக, மெல்லிய கிராஃபைட் பூச்சோடு மினுமினுக்கும். இங்கே ஓரம் கோணல்மாணலாக, உள்ளே சாம்பல் நிறத்தில் கசடுத் துளி ஒட்டியிருந்தது. லேப் ரிப்போர்ட்டில் கந்தகம் 0.13, மாங்கனீஸ் 0.9-க்கு மேல். கந்தகம் ஏறுகிறதே என்று யாரோ ஃபெரோ மாங்கனீஸைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் உயர்ந்திருந்தால், மெட்டல் லேடிலில் ஆற ஆற மாங்கனீஸ் சல்பைடு உறைவதற்கு முன்பே பிரிந்து மேலே வரும். அங்கே இருக்கும் கசடோடு சேர்ந்து அதை நன்றாக இளக்கிவிடும். இளகிய கசடு மோல்டுக்குள் போய், இரும்பில் பிரியும் கிராஃபைட்டோடு வினை புரிந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். ஓட்டைக்கு அதுதான் காரணம். மாங்கனீஸை 0.6-க்கு இறக்கி, ஸ்கிராப்போடு போடும் போரிங் (கடைசல் துகள்) அளவைக் குறைத்து, 1,360 டிகிரிக்குக் கீழே போன மெட்டலை மோல்டில் ஊற்றாமல், மிச்ச மெட்டலைக் கட்டியாக உறைய விடும் பிக் அச்சில் கொட்டச் சொன்னோம். ஓட்டை அடங்கியது. அன்று முதல் மெட்டலில் முக்கிச் சூடு பார்க்கும் டிப் தெர்மோகப்பிளை லேடில் பக்கத்தில் வைக்காமல் ஊற்ற விடுவதில்லை. ஊற்றும் வரிசை எண்ணும் நிலையான வழக்கமாகிவிட்டது. ரிஜெக்ஷன் வந்தால் முதலில் கேட்கும் கேள்வியே "எத்தனையாவது மோல்டு?" என்பதுதான்.

மெக்னீசியம் போட்டுக் கிராஃபைட்டை உருண்டையாக வரவைக்கும் எஸ்ஜி இரும்பு என்றால் கதை வேறு. அங்கே கந்தகம் 0.015 பக்கம் இறங்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் போடுகிற மெக்னீசியத்தைக் கந்தகமே தின்றுவிடும், கிராஃபைட் உருண்டையாக வராது. கியூபோலா மெட்டலில் எஸ்ஜி செய்பவர்கள் கால்சியம் கார்பைடைப் போட்டு, லேடில் அடியிலிருந்து நைட்ரஜன் குமிழ் விட்டுக் கலக்கிக் கந்தகத்தைக் கசடாக்கி எடுப்பார்கள். அந்தக் கசடில் வினையாகாத கார்பைடு மிச்சம் இருக்கும். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு. குப்பைமேட்டில் கொட்டி மழையில் நனைய விடுகிற பொருள் இல்லை அது. சோடா உப்புப் போடுவதும் உண்டு. கசடு தண்ணீராக ஓடும், லைனிங்கை அரிக்கும், புகை கண்ணைக் கரிக்கும். என்னைக் கேட்டால், சிறிய ஃபவுண்டரிக்கு நல்ல பிக் அயர்னும் (மூல இரும்புக் கட்டியும்) சுத்தமான ஸ்டீல் கழிவும் வாங்கி இண்டக்ஷனில் உருக்கிக் கந்தகமே வராமல் பார்த்துக்கொள்வது லாபம். மெக்னீசியம் போட்டபின் வரும் டிராஸ் என்கிற கசடு கருப்பாக, இழை இழையாக இருக்கும். ஒரு முறை எடுத்தால் நிற்காது, கந்தகமும் ஆக்ஸிஜனும் கிடைக்கக் கிடைக்கப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு மூன்று முறை எடுத்து, பத்து நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். மெக்னீசியமும் அதற்குள் மங்க ஆரம்பித்துவிடும்.

இத்தனை பாடுபட்டு ஃபர்னஸில் சுத்தம் செய்த மெட்டலை லேடிலில் மறுபடி அழுக்காக்குவது நடக்கிறது. நேற்று உறைந்துபோன மெட்டல் ஓடு (ஸ்கல்) ஒட்டிய லேடிலில் ஊற்றினால் அந்தத் துருவும் கசடும் உள்ளே கலக்கும். லேடிலைச் சுரண்டி, செக்கச் சிவக்கச் சூடேற்றிய பிறகே டேப் செய்ய வேண்டும். முடிந்தால் டீபாட் லேடில் வாங்கிவிடுங்கள். மெட்டல் அடியிலிருந்து ஏறி மூக்கு வழியாக வருவதால் மிதக்கும் கசடு பின்னாலேயே தங்கிவிடும். சாதாரண லேடில் என்றால் ஒருவர் ஊற்ற, இன்னொருவர் வாயில் ராடை வைத்துக் கசடைத் தடுக்க வேண்டும். இனாக்குலன்ட்டைத் தூளாக, மெட்டல் விழுகிற தாரையில் போட வேண்டும். கடைசியில் மேலே அள்ளித் தூவினால் கரையாமல் கட்டியாக வார்ப்புக்குள் போய் உட்காரும்.

ஊற்றும் கோப்பை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊற்றுபவர் காற்றையும் கசடையும் சேர்த்தே அனுப்புகிறார். மோல்டுக்குள் மெட்டல் ஓடும் கால்வாயான ரன்னரின் மேல்பாகத்தில் கசடு மிதக்க உயரம் விட்டு, அதிலிருந்து வார்ப்புக்குள் நுழையும் வாயான கேட்டைக் கீழ்ப்பக்கம் வெட்டி, ரன்னரைக் கடைசி கேட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் நீட்டினால், குளிர்ந்து கசடோடு வரும் முதல் மெட்டல் அங்கே போய் அடங்கும். செலவே இல்லாத வேலை இது, மணலில் அச்சு எடுக்கும் மாதிரியான பேட்டர்னில் ஒரு கட்டை ஒட்டினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிலிக்கான் கார்பைடு ஃபோம் ஃபில்டர். நல்லதுதான், ஆனால் ஃபர்னஸில் கசடை விட்டுவிட்டு ஃபில்டரை நம்பினால் அது பாதி மோல்டிலேயே அடைத்துக்கொள்ளும், வார்ப்பு நிறையாது. கரைந்த அலுமினியத்தையோ ஈயத்தையோ எந்த ஃபில்டரும் பிடிக்காது.

கடைசியாக ரிட்டர்ன். வெட்டிய ரன்னர், ரைசர் (உறையும்போது வார்ப்புக்கு மெட்டல் ஊட்டும் துண்டு), ரிஜெக்ட் ஆன பாடி எல்லாவற்றையும் மணல் ஒட்டியபடியே ஃபர்னஸில் போடுவது பல இடங்களில் சாதாரணம். அந்த மணலை உருக்கவும் நாம் கரண்ட் பில் கட்டுகிறோம், உருகிய பின் கசடாக வழிக்கவும் ஆள் நிறுத்துகிறோம். சிறு இரும்புக் குண்டுகளை வீசி மணலை உதிர்க்கும் ஷாட் பிளாஸ்டில் ஒரு சுற்று விட்டு எடுத்துப் போட்டால் கசடு குறைவது அன்றைக்கே தெரியும். ஷாட் பிளாஸ்ட் இல்லாதவர்கள் டம்ளிங் பேரலில் போட்டு உருட்டினாலும் போதும். ரிஜெக்ட் பாடியை அதில் போடும் முன் ஓட்டை உள்ள இடத்தை ஒரு முறை உடைத்துப் பார்த்துவிடுங்கள், உருக்கிவிட்டால் அப்புறம் காரணம் தேட அந்தத் துண்டு இருக்காது.